கண்டி அரசன் தெலுங்கனாம், மரபணு சொல்லிவிட்டதாம்: எந்த எலும்பைச் சோதித்தீர்கள்?

மாத்தளை மைந்தன்

நேற்று ராத்திரி எங்கள் தோட்டத்து வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. பேசுகிறவர் முகம் காட்டவில்லை. உலகத்தில் எந்த ராஜ குடும்பத்துக்கும் உள்ளூர் ரத்தம் கிடையாது என்று தொடங்கி, எகிப்து, இங்கிலாந்து எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் கண்டியில் வந்து இறங்குகிறார். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தமிழனே இல்லையாம், தெலுங்கனாம், மரபணு ஆய்வில் அது நிரூபணமாகிவிட்டதாம். கொழுந்து பறிக்க வந்தவர்கள் அவரைச் சொந்தம் கொண்டாட வெட்கப்பட வேண்டுமாம். இதை நம் பிள்ளைகளே கைதட்டி அனுப்புகிறார்கள்!

அரியணை ஏறும் முன் அவர் பெயர் கண்ணுசாமி. அப்படிப் பெயர் வைத்து வளர்த்த பிள்ளை தமிழன் இல்லை என்றால் வேறு யார்தான் தமிழன்? இதை முதலில் குழுவில் போட்டது யார்?

ஊவா தம்பி

நான்தான் போட்டேன் அண்ணன். பதுளையில் இருந்துதான் போட்டேன், ஒளிந்துகொள்ளவில்லை.

உண்மை கசக்கும். மதுரை நாயக்கர்கள் விஜயநகரத்தில் இருந்து வந்த வடுகர்கள், அதாவது தெலுங்கர்கள். விஸ்வநாத நாயக்கர் 1529 வாக்கில் மதுரையில் ஆளத் தொடங்கினார். கண்டி ராஜாக்கள் அந்தப் பக்கம் பெண்ணெடுத்தார்கள். 1739இல் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் போனதும் ராணியின் தம்பியையே அரியணையில் ஏற்றினார்கள். அப்புறம் 1815 வரை நாலு பேரும் அதே கூட்டம். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் தகப்பன் பெயர் நரேனப்பா. கடைசி அரசனின் பட்டத்தரசி வெங்கட ரங்கம்மாள். வீட்டில் தெலுங்கு. அவ்வளவுதான் விஷயம். கண்ணுசாமி என்ற பெயரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஆடுவீர்கள்?

மாத்தளை மைந்தன்

ரங்கம்மாள் என்ற பெயர் ஸ்ரீரங்கத்துப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு.

ஹந்தானைக்காரன்

வீட்டுப் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் "மரபணு நிரூபித்துவிட்டது" என்று சொன்னதற்குப் பதில் வேண்டும். தம்பி, எந்த எலும்பு?

அரசன் பிடிபட்டது 1815 பெப்ரவரி 18. இடம் மெதமஹாநுவரப் பக்கம். பிடித்தவர்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இல்லை, உள்ளூர்ப் பிரதானிகளின் ஆட்கள். அரசிகளின் நகைகளைப் பிய்த்தெடுத்ததில் காது கிழிந்து ரத்தம் வடிந்தது. அடுத்த வருஷம் குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் சமாதி இருக்கிறது, முத்து மண்டபம் என்று கட்டியும் வைத்திருக்கிறார்கள். அதில் யார், எந்த வருஷம் தோண்டி எலும்பெடுத்தார்கள்? எந்தப் பல்கலைக்கழகம் சோதித்தது? உங்கள் முகம் காட்டாத மனிதர் இதில் ஒன்றையாவது சொன்னாரா?

அரச எலும்பைச் சோதிப்பது என்றால் எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள். இங்கிலாந்தின் மூன்றாம் ரிச்சர்ட் 1485இல் போரில் செத்தவர். 2012இல் லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே எலும்புக்கூடு கிடைத்தது. தாய்வழி வாரிசுகளைத் தேடிப்பிடித்து ஒப்பிட்டார்கள், பொருந்தியது. தந்தைவழி வாரிசுகளோடு ஒப்பிட்டார்கள், பொருந்தவில்லை. இடையில் எங்கோ ஒரு தலைமுறையில் ஏட்டில் உள்ள தகப்பன் வேறு, பெற்ற தகப்பன் வேறு. 2014இல் இதை வெளிப்படையாக எழுதினார்கள். பிரான்சின் பதினாறாம் லூயி கதை இன்னும் மோசம். ஒரு சுரைக்குடுவையில் காய்ந்திருந்த ரத்தம் அவருடையதுதான் என்று 2010இல் அறிவித்தார்கள். 2013இல் உயிரோடிருக்கும் பூர்போன் வம்சத்து ஆண்களோடு ஒப்பிட்டால் பொருந்தவே இல்லை. எலும்பும் ரத்தமும் கையில் இருந்தும் அங்கே இந்தப் பாடு. கையில் ஒன்றுமே இல்லாமல் கண்டிக்கு மட்டும் தீர்ப்பு எப்படி வந்தது?

எலும்பு எங்கே தம்பி?

ஊவா தம்பி

சேர், நீங்கள் லெஸ்டருக்கும் பிரான்சுக்கும் போய்விட்டீர்கள். நான் கேட்டது கண்டி அரண்மனையில் என்ன பேசினார்கள் என்று. வீட்டில் தெலுங்கு. இதற்குப் பதில் இல்லை உங்களிடம்.

பேராதனை பயோ

உயிரியல் படிக்கிறேன், அதனால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். வை நிறமூர்த்தம் தகப்பனிடம் இருந்து மகனுக்கு மட்டும் போகும். இழைமணி டிஎன்ஏ தாயிடம் இருந்து வரும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1024 மூதாதையர் இடம். இந்த இரண்டு சோதனைகளும் அதில் இரண்டே பேரைத்தான் காட்டும்.

கண்டியில் இன்னும் சிக்கல். நரேந்திரசிங்கனுக்குப் பிறகு வந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் அவருடைய மகன் இல்லை, மனைவியின் தம்பி. அவருக்குப் பிறகு வந்த கீர்த்தி ஸ்ரீயும் அதே மாதிரி மனைவியின் தம்பி. ராஜாதி ராஜசிங்கன் கீர்த்தி ஸ்ரீயின் கூடப்பிறந்தவர், கடைசி அரசன் மருமகன் முறை. அரியணை தகப்பனிடம் இருந்து மகனுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. ஆகவே ஒரு எலும்பு கிடைத்தாலும் அது ஒருவரைப் பற்றித்தான் சொல்லும், "வம்சம்" முழுவதற்கும் சேர்த்துச் சொல்லாது. வீட்டில் என்ன பேசினார்கள் என்று எந்த எலும்பும் சொல்லாது. அதை இரண்டு பேருமே குழப்புகிறீர்கள்.

ஹந்தானைக்காரன்

நான் ஒன்றையும் குழப்பவில்லை மகன். எலும்பு எங்கே என்றுதான் கேட்கிறேன். நீங்கள் சொன்னதும் என் பக்கத்துக்குத்தான் பலம்.

நல்லூர்வாசி

கண்டியில் நாயக்கர் இருந்ததையும் மலையகத்துக்கு ஆட்கள் வந்ததையும் ஏன் ஒன்றாய்ப் போட்டுக் கதைக்கிறீர்கள்? 1815க்குப் பிறகுதானே கோப்பித் தோட்டம் வந்தது, உங்கள் ஆட்கள் வந்தது அதற்கும் பிறகு. அரசனுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு? தமிழ் அரச வம்சம் என்றால் யாழ்ப்பாணத்தில் இருந்தது. சங்கிலி மன்னனை 1619இல் போர்த்துக்கேயர் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

மாத்தளை மைந்தன்

வந்துவிட்டார். "உங்கள் ஆட்கள்" என்று சொல்லாமல் இவருக்கு ஒரு வரி எழுத வராது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் மட்டும் நல்லூர் மண்ணில் முளைத்தார்களா? ராமேஸ்வரத்து வழி என்று அவர்களேதான் சொல்லிக்கொண்டார்கள். அடித்த காசில் நந்தியும் "சேது" என்ற எழுத்தும் இருக்கிறது. அவர்களும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். வந்த தேதியை வைத்து மனுஷனை அளப்பதாக இருந்தால் உங்கள் அளவுகோலை முதலில் உங்கள் வீட்டு வாசலில் வையுங்கள்.

நல்லூர்வாசி

அவர்கள் வந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். வித்தியாசம் விளங்குதோ?

மாத்தளை மைந்தன்

எங்கள் ஆட்கள் வந்து இருநூறு வருஷம் உழைத்தார்கள். விளங்குது.

மஸ்கெலியா அக்கா

ஊவா தம்பி, "வீட்டில் தெலுங்கு, ஆகவே தமிழன் இல்லை" என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்களே, எங்கள் வீட்டுக்கு வாருங்கள். என் அம்மாயி லயத்துக்குள்ளே பேசினது தெலுங்குதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளை தமிழில் ராத்தலைச் சத்தமாகச் சொல்வார். அம்மாயி தலைக்கயிற்றை நெற்றியில் இருந்து இறக்காமல் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று வாய்க்குள்ளேயே எண்ணி, குறைத்துச் சொன்னால் அங்கேயே சண்டை போடுவாள். சண்டை மட்டும் தமிழில். மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுத்தது, ஒப்பாரி வைத்தது எல்லாம் தமிழில். அவள் தமிழச்சி இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்வீர்களா? தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவளுடைய அண்ணன் குடும்பத்தைக் கப்பலேற்றினபோது நீ தமிழா தெலுங்கா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரையும் "இந்தியாக்காரன்" என்றுதான் ஏற்றினார்கள்.

ஊவா தம்பி

அக்கா, உங்கள் அம்மாயியை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது அரசனைப் பற்றி.

மஸ்கெலியா அக்கா

அரசனுக்கு ஒரு சட்டம், அம்மாயிக்கு ஒரு சட்டமா? அந்த வீடியோவில் கொழுந்து பறிக்க வந்தவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. அதை நீங்கள்தான் பகிர்ந்தீர்கள். அதற்கு மன்னிப்புக் கேளுங்கள், மற்றது அப்புறம்.

ஹந்தானைக்காரன்

மஸ்கெலியா மகள் சொன்னதோடு இதை நிறுத்தலாம், ஆனால் நிறுத்த மனம் வரவில்லை, ஏனென்றால் "வெளியாள்" என்ற பேச்சு எனக்குப் பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து எரிச்சல்.

யார் வெளியாள் இல்லை? மகாவம்சமே அரசர் வரிசையை விஜயன் கடல் கடந்து வந்தான் என்றுதான் தொடங்குகிறது. அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் மதுரையில் இருந்து பெண் வந்தது என்றும் அதே ஏடுதான் சொல்கிறது. பொலன்னறுவையின் மகா பராக்கிரமபாகுவின் தகப்பனைப் பெற்றவர் ஒரு பாண்டிய இளவரசர். பேராதனை மகன் சொன்ன வை நிறமூர்த்தக் கணக்கில் பார்த்தால் அந்தப் பெரிய அரசன் பாண்டியன் வீட்டுப் பிள்ளை! அவருக்குச் சிறிது காலம் கழித்து வந்த நிசங்கமல்லன் தன்னைக் கலிங்கத்தான் என்று கல்லில் வெட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டவன்.

கண்டியில் ஏன் மதுரைப் பெண் வேண்டியிருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டத்தரசி ஷத்திரிய குலத்தவளாக இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். நரேந்திரசிங்கனுக்கு உனம்புவே பண்டார என்று ஒரு மகன் இருந்தான். சிங்களத் தாய்க்குப் பிறந்தவன். தாய் ராஜ குலம் இல்லை என்று அவனை ஒதுக்கிவிட்டு ராணியின் தம்பியைக் கொண்டுவந்தவர்கள் கண்டிப் பிரதானிகளேதான். நாயக்கர் படையெடுத்து வரவில்லை, கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

உட்கார்ந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1753இல் சியாமில் இருந்து உபாலி தேரரை வரவழைத்து, அறுந்துபோயிருந்த உபசம்பதாவை, பிக்குகளின் உயர் துறவுச் சடங்கை, மீட்டது கீர்த்தி ஸ்ரீ. இன்றைக்கு மல்வத்தை, அஸ்கிரி என்ற இரண்டு பௌத்த பீடங்களும் நிற்பது அந்த அடித்தளத்தில். ராஜாதி ராஜசிங்கன் சிங்களத்தில் கவிதை எழுதினார். தலதா மாளிகை எண்கோண மண்டபமும் கண்டி ஏரியும் கடைசி அரசன் கட்டியவை. அந்த ஏரியைச் சுற்றி நடக்கிறவர்கள்தான் அவரை அந்நியன் என்கிறார்கள்.

1760இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொல்ல ஒரு சதி நடந்தது. பிக்குகள் சிலரும் பிரதானிகள் சிலரும் சேர்ந்தார்கள். அந்நியனை இறக்கிவிட்டு யாரை ஏற்றப் போனார்கள் தெரியுமா? சியாம் நாட்டு இளவரசனை. அந்நிய ரத்தம்தான் அவர்களுக்குப் பிரச்சினை என்றால் இதை எப்படி விளக்குவீர்கள்?

ஊவா தம்பி, உங்கள் ஊருக்கே வருகிறேன். 1817, 18இல் வெள்ளைக்காரனுக்கு எதிராக ஊவாவில் எழுந்த கலகத்தில் வில்பாவே என்பவன் தன்னைத் துரைசாமி, நாயக்க ராஜ குடும்பத்தான் என்று சொல்லித்தான் ஆள் திரட்டினான். அவன் நாயக்கன் இல்லை, சிங்களவன். காவியைக் கழற்றிவிட்டு வந்தவன். அரசனை நாடு கடத்தி இரண்டு வருஷத்துக்குள் ஊவாச் சனங்கள் ஒரு நாயக்கனைத் தேடினார்கள் ஐயா! கெப்பெட்டிபொல நிலமே அந்தப் பக்கம்தான் சேர்ந்தார், 1818 நவம்பரில் போகம்பரையில் தலை கொடுத்தார்.

ஆகவே மறுபடி கேட்கிறேன். எலும்பு எங்கே?

ஊவா தம்பி

சேர், இவ்வளவு எழுதினீர்கள், எல்லாம் நல்ல விஷயம். ஆனால் வீட்டில் தெலுங்கு என்பதை எங்கேயும் மறுக்கவில்லை. அப்படியென்றால் ஒத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

ஹந்தானைக்காரன்

ஒத்துக்கொள்ளவும் இல்லை, ஒன்றும் இல்லை. மதுரையிலும் தஞ்சையிலும் இருநூறு வருஷம் இருந்த குடும்பங்களுக்கு இரண்டு மொழியும் தெரியும். அதைப் போய் ஒரு பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு வருகிறீர்கள்.

ஊவா தம்பி

இரண்டும் தெரியும் என்றால் வீட்டில் எது?

மாத்தளை மைந்தன்

தமிழ்தான். கண்ணுசாமி.

பேராதனை பயோ

அதைத்தான் எந்தச் சோதனையும் சொல்லாது என்று மேலே எழுதினேன். நம் எச்சிலை வெளிநாட்டுக் கம்பெனிக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் "தென்னிந்தியா, இலங்கை" என்று ஒரே கட்டத்துக்குள் போட்டு அனுப்பிய கம்பெனிகளும் உண்டு. வீட்டில் பேசியது தமிழா தெலுங்கா என்று சொல்ல எந்த அறிக்கையிலும் ஒன்றும் கிடையாது.

நல்லூர்வாசி

அரசனை எதிர்த்துக் கிளம்பிய பிரதானி எஹலபொலவின் குடும்பத்தை 1814இல் என்ன செய்தார் உங்கள் அரசன்? பச்சைப் பிள்ளைகளை வெட்டினார், தாயைக் குளத்தில் அமுக்கினார். ரத்தம் தெலுங்கோ தமிழோ, இப்படி ஒரு கொடியவனுக்கு ஏன் இந்த அடிபிடி?

ஹந்தானைக்காரன்

நடந்தது. யாரும் மறுக்கவில்லை, மறுக்கவும் கூடாது. ஆனால் அதை ஊதிப் பெருப்பித்து நாடு பிடித்தவன் வெள்ளைக்காரன். 1815 மார்ச் 2 கண்டி அரசவை மண்டபமான மகுல் மடுவவில் வாசித்த உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் பிரிவு: "மலபார்" இனத்துக்குக் கண்டி அரசில் இனி எந்த உரிமையும் இல்லை. மூன்றாம் பிரிவு: அரசனின் ஆண் உறவினர்கள் எதிரிகள், வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் திரும்பி வரவும் கூடாது. தெலுங்கு, தமிழ் என்று வெள்ளைக்காரன் பிரித்தானா? இல்லை. எல்லாரையும் ஒரே சொல்லில் அடக்கித் துரத்தினான். அதே வெள்ளைக்காரன் சில வருஷத்தில் கோப்பிக்குக் கூலி வேண்டும் என்று மதுரை, ராமநாதபுரம், திருச்சி என்று அதே பக்கத்து ஆட்களை மாத்தளை வழியாக நடத்திக் கூட்டிவந்தான். நல்லூர்வாசி என்ன தொடர்பு என்று கேட்டாரே, இதுதான் தொடர்பு.

அந்த வெள்ளைக்காரனின் ராஜ குடும்பம் மட்டும் எந்த ஊர்? 1714இல் ஹனோவரில் இருந்து வந்த முதலாம் ஜோர்ஜ் ஜெர்மன்காரர். முதலாம் உலகப் போரில் ஜெர்மன் பெயரோடு இருக்கக் கூச்சப்பட்டு 1917இல்தான் வின்ட்சர் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கண்டி அரசனை வேற்று இனத்தான் என்று எழுதி இறக்கினார்கள்! அரியணையையும் கொண்டுபோய் 1934 வரை அங்கேயே வைத்திருந்தார்கள். அந்த அரியணைகூட 1693இல் ஒல்லாந்தர் கொடுத்த பரிசு.

நல்லூர்வாசி

அதற்காக எங்களிடம் ஏன் பாய்கிறீர்கள்?

மாத்தளை மைந்தன்

ஏன் என்றா கேட்கிறீர்கள்? 1948இல் எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்தபோது, அடுத்த வருஷம் இந்திய பாகிஸ்தானியச் சட்டம் வந்தபோது, உங்கள் தலைவர்களில் சிலர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்?

நல்லூர்வாசி

செல்வநாயகம் அந்தக் காரணத்துக்காகத்தான் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியே வந்து 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கினார். அதைச் சொல்ல உங்களுக்கு வாய் வராது.

மாத்தளை மைந்தன்

அவரைச் சொல்லவில்லை. வெளியே வராமல் உள்ளே இருந்தவர்களைச் சொல்கிறேன். பெயர் உங்களுக்கே தெரியும்.

மஸ்கெலியா அக்கா

ஊவா தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. வீடியோ குழுவில் அப்படியே இருக்கிறது. இன்றைக்குக் காலையில் என் மகன் ரியூசனில் வைத்து அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாங்க வெட்கப்படணுமா?" என்று கேட்கிறான்.

ஊவா தம்பி

அந்த ஒரு வரி எனக்கும் பிடிக்கவில்லை அக்கா. ஆனால் வீடியோவை எடுக்கமாட்டேன். மற்றதெல்லாம் சரித்திரம்.

மஸ்கெலியா அக்கா

பிடிக்காத வரியை ஏன் சுமக்கிறீர்கள்? வெட்டிவிட்டுப் போடுங்கள்.

ஹந்தானைக்காரன்

சரித்திரம் என்று சொன்னால் போதாது தம்பி. "மரபணு நிரூபித்தது" என்ற வரியும் பொய். அதையும் வெட்டுங்கள். இரண்டையும் வெட்டினால் வீடியோவில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். கண்டி மலபார் வீதியில் இன்றைக்கும் பெயர்ப்பலகை இருக்கிறது, அரசனின் உறவுக்காரர்கள் குடியிருந்த தெரு அது. பஸ்ஸை விட்டு இறங்கி ஒருநாள் அந்தத் தெருவில் நடந்துவிட்டு எழுதுங்கள்.

ஊவா தம்பி

நடந்திருக்கிறேன் சேர். தெருப் பெயரால் வீட்டுப் பேச்சு மாறாது. கீர்த்தி ஸ்ரீயின் தகப்பன் பெயர் நரேனப்பா என்று இரண்டாவது பதிவிலேயே எழுதினேன். இவ்வளவு நேரம் ஒருவரும் அதைத் தொடவில்லை.

ஹந்தானைக்காரன்

தொடுகிறேன். பெயர் நரேனப்பா, சரி. எலும்பு?